கல்லா, கேப்பா? மான் வேட்டைக்கு எந்த வகை நாட்டுத் துப்பாக்கி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குழல்வாயில் வெடிமருந்து இடித்துச் சுடும் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள்: கல்லில் பொறி தட்டிச் சுடும் வகையா, அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடி (கேப்) வைத்துச் சுடும் வகையா? சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே: 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டாம், தகுதிச் சான்றிதழ் கட்டாயம்.

சுடும் வேகம்
கல்: சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, தட்டிலுள்ள மருந்து பற்றி, அந்தத் தீ துளை வழியே குழலுக்குள் போகவேண்டும். அந்தச் சிறு தாமதத்திலும் குறி அசையக்கூடாது. கண்ணெதிரே பொறி பறக்கும்போது சிமிட்டாமல் இருப்பது லேசல்ல!
கேப்: சுத்தியல் விழுந்ததும் வெடிக்கும்.

ஈரம்
கல்: தட்டு மருந்து நனைந்தால் கதை முடிந்தது. ஆனால் உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸில் குளிர்காலம் வறண்டது. பயமுறுத்தும் அளவுக்குத் தொல்லை இல்லை. டிராகன்ஸ்பர்க் மலை மூடுபனி வேறு விஷயம்.
கேப்: நன்றாகத் தாங்கும்.

செலவு
கல்: ஒரே கல் பல தடவை உழைக்கும். ஆனால் அசல் கருமருந்துதான் வேண்டும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து இதில் சரியாகப் பற்றாது.
கேப்: குண்டுக்கு ஒரு கேப். கடையில் தீர்ந்தால் துப்பாக்கி சுவரில்தான்.

கழுவுவதில் வித்தியாசமில்லை: அன்றே வெந்நீர், அப்புறம் எண்ணெய்.

பண்ணையில் வளரும் ஃபாலோ (fallow) மானுக்கு முதல் தடவை போகிறவர் கேப் வாங்கட்டும். இலக்குப் பலகையில் மாதக்கணக்கில் பழகப் பொறுமை உள்ளவருக்குக் கல். எதுவானாலும், வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடம் காத்திருங்கள்.