எம்பிடிபி சுண்டெலியா, 6-ஹைட்ராக்ஸி டோபமின் எலியா?

பார்க்கின்சன் நோயில் டோபமின் குறையும்போது ஹார்மோன்கள் என்ன ஆகின்றன என்று விலங்கில் பார்க்கக் கிளம்பினால், பெரும்பாலும் டோபமின் சுரக்கும் மூளைச் செல்களை (நியூரான்களை) அழிக்கும் இந்த இரண்டு நஞ்சுகளில் ஒன்றைக் கொடுத்த விலங்கைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் எடுத்தது எலியை.

எம்பிடிபி 1982-இல் கலிஃபோர்னியாவில் போலி ஹெராயின் போட்டுக்கொண்டவர்களை உடல் விறைக்கச் செய்த நஞ்சு. மனிதரிடமே வேலை காட்டியது என்பது அதன் பெரிய பலம். வயிற்றில் ஊசி போட்டால் போதும், தானே மூளைக்குள் போய்விடும். எலிகள் இதற்கு அவ்வளவாக மசியாது, சி57 என்ற கறுப்புச் சுண்டெலி இனம்தான் வேண்டும். கையாளுகிறவருக்கும் ஆபத்து.

6-ஹைட்ராக்ஸி டோபமின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் எலியை மயக்கி, மண்டையில் துளையிட்டு, நேரே மூளையில் செலுத்த வேண்டும். கரைசலும் காற்றுப் பட்டால் பழுப்பேறிக் கெட்டுவிடும். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து ஐஸில் வைத்து அவசரமாகப் போட வேண்டியிருக்கும். இத்தனை தொல்லைக்கும் நான் அதையே எடுத்தது ஒரே காரணத்துக்காக.

உடலெங்கும் பரவுகிற நஞ்சைக் கொடுத்துவிட்டு ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் (அட்ரினல் சுரப்பியின் அழுத்த ஹார்மோன்) ஏறியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? மூளையில் டோபமின் போனதாலா, நஞ்சு உடம்பைப் படுத்தியதாலா? எம்பிடிபி இதயத்தின் நார்அட்ரினலினையும் குறைக்கும். அட்ரினல் சுரப்பியை அது தொடவே இல்லை என்று எப்படிச் சொல்வது? மூளைக்குள்ளேயே செலுத்திய நஞ்சில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அறுவையே கார்ட்டிகோஸ்டீரோனை ஏற்றும், சரி. அதற்கு வெறும் உப்புக்கரைசல் செலுத்திய எலிகள் பதில் சொல்லும், ஆறவிட்டு அளந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் செலுத்தினால் மறுபக்கம் அதே விலங்கின் ஒப்பீடாக நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன். டோபமின் போல வேலை செய்யும் அபோமார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்தால் எலி நஞ்சு செலுத்தாத பக்கமாகச் சுற்றுவதை வைத்து, கொல்லாமலே பாதிப்பின் அளவையும் ஊகிக்கலாம். இரண்டு பக்கமும் செலுத்தினால் எலி சாப்பிடாது, தண்ணீர் குடிக்காது; அப்புறம் நாம் அளப்பது பட்டினியின் ஹார்மோனைத்தான்.

ஈஸ்ட்ரோஜன் டோபமின் நியூரான்களைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் என் சாய்வு கொஞ்சம் தளரும். அந்த ஆய்வுகளில் கணிசமானவை எம்பிடிபி சுண்டெலியில் நடந்தவை, ஒப்பிட அதுவே வசதி. அங்கும் ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு நஞ்சும் நியூரானுக்குள் போவது டோபமினை உள்ளே இழுக்கும் புரதமான டோபமின் கடத்தி வழியாக. நஞ்சுக்கு முன்பே எஸ்ட்ராடியோல் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கொடுத்தால், அது நியூரானைக் காத்ததா, கடத்தியைக் குறைத்து நஞ்சை உள்ளே விடாமல் செய்ததா என்று தனியே சோதிக்க வேண்டும். பெண் எலி என்றால் நாலைந்து நாள் இனப்பெருக்கச் சுழற்சியில் எந்தக் கட்டம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டனோன் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு கொடுத்த எலியை நான் கையாண்டதில்லை. படித்த வரையில், பார்க்கின்சன் நோயில் மூளைச் செல்களில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதத்தைப் பார்க்க அது நல்லது. ஆனால் அதுவும் உடல் முழுக்கப் போகிற நஞ்சு.