69 ரோடு ரன்னருக்குப் பின்பக்கப் பட்டை: ஈட்டன் டெட்ராய்ட் ஸ்பிரிங்

பழைய மசில் காருக்கு (பெரிய எஞ்சின் போட்ட அந்தக் கால அமெரிக்க வேகக் கார்) பின்பக்கக் கட்டு, அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிச் சேர்த்த லீஃப் ஸ்பிரிங், மாற்றப்போகிறேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது “எத்தனை பட்டை?” என்றுதான். எண்ணிக்கை அப்புறம். வண்டியை எதற்கு ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். என்னுடையது 1969 பிளிமத் ரோடு ரன்னர், 383 கன அங்குல எஞ்சின், நாலு கியர். மிச்சிகனில் வெயில் காலத்தில் மட்டும் வெளியே எடுப்பேன். வார இறுதியில் குடும்பத்தோடு ஒரு சுற்று, ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கத்தில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும் உட்வர்ட் ட்ரீம் குரூஸ். கால் மைல் பந்தயத்துக்குப் போவதில்லை.

வாங்கும்போதே இடது பின்பக்கம் தாழ்ந்திருந்தது. முந்தைய உரிமையாளர் பழைய கட்டையே அடித்து வளைத்து மாட்டியிருந்தார். செலவு குறைவுதான், ஆனால் களைத்துப்போன இரும்பு எத்தனை தடவை வளைத்தாலும் மறுபடி படுத்துவிடும். போதாக்குறைக்கு இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு. கழற்றிப் பார்த்தபோது பட்டைகளுக்கு நடுவே துரு பொருக்குப் பொருக்காக உப்பி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றது. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று விரல் பட்டதுமே உடைந்து கையோடு வந்துவிட்டது.

பிளிமத் என்பது கிரைஸ்லர் கம்பெனியின் வண்டிதான். கிரைஸ்லர் வண்டிகளின் பின்பக்கக் கட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆக்சில் கட்டின் நட்டநடுவில் உட்காராது. பட்டைகளைக் கோத்து, ஆக்சில் உட்காரும் இடத்தைக் காட்டும் சென்டர் போல்ட், முன் கண்ணுக்கு (பட்டையின் நுனியைச் சுருட்டிய வளையம்) கிட்டே இருக்கும். அதற்கு முன்னால் உள்ள பாகம் குட்டை, விறைப்பு. பின்னால் உள்ளது நீளம், இளக்கம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சுழல, ஆக்சில் கூடு எதிர்த்திசையில் மூக்கைத் தூக்கப் பார்க்கும். முன்பாகம் இளக்கமாக இருந்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும், விடுபடும், மறுபடி முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தடதடவென்று குதிக்கும். 1967 கமாரோவின் ஒற்றைப் பட்டை இதற்குப் பேர்போனது. அடுத்த வருஷமே ஷெவர்லே ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னும் இன்னொன்றைப் பின்னுமாக மாற்றிப் பொருத்தியது. கிரைஸ்லரில் அந்த விறைப்பான முன்பாகமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எனக்கு இந்த வண்டிகள் மேல் இருக்கிற பிரியத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் கண்ட இடத்தில் மலிவுக் கட்டு வாங்காதீர்கள் என்கிறேன். நண்பர் ஒருவர் தன் வண்டிக்கு வாங்கிய ஜோடியில் சென்டர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சக்கரம் ஃபெண்டர் வளைவின் நடுவில் நிற்காமல் பின்னால் தள்ளி நின்றது.

சூப்பர் ஸ்டாக் கட்டையும் பலர் சிபாரிசு செய்தார்கள். பந்தயத்துக்கென்றே கிரைஸ்லர் கொண்டுவந்த வகை அது. ஓட்டத் தொடங்கும்போது, எஞ்சின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலது பின்சக்கரத்தைத் தூக்கி இடதை அழுத்தும். அதை ஈடுகட்ட வலது கட்டுக்குக் கூடுதல் வளைவு கொடுத்திருப்பார்கள். பந்தயத் தடத்தில் அருமையான ஏற்பாடு. தெருவில் நிற்கும்போதோ வலது பின்பக்கம் தூக்கலாகத் தெரியும், குலுக்கலும் அதிகம். பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிற எனக்கு அது சரிப்படாது.

கடைசியில் ஈட்டன் டெட்ராய்டிடமே போனேன். 1937-லிருந்து ஸ்பிரிங் தொழிலில் இருப்பவர்கள். அந்தக் காலத்துக் கார் கம்பெனிகளின் அசல் வரைபடங்களை வைத்துக்கொண்டு அதன்படி செய்கிறார்கள். வருஷம், மாடல், எஞ்சின், ஏசி உண்டா என்று கேட்டார்கள். உயரம் அசல்படியே வேண்டுமா, ஒரு அங்குலம் கூட்டியோ குறைத்தோ வேண்டுமா என்றும் கேட்டார்கள். அசல் உயரமே போதும் என்றேன். உயரத்தை மாற்றினால் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் கோணமும் மாறும், அப்புறம் அதிர்வைத் தேடி அலைய வேண்டும். கண்ணுக்குள் வரும் புஷ்ஷை ரப்பரிலேயே கேட்டு வாங்கினேன். பாலியூரித்தேன் விறைப்பு. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்.

வந்த கட்டில் வளைவு இரு பக்கமும் ஒத்திருந்தது. கண் உருட்டிய இடத்தில் இடைவெளி இல்லை. சென்டர் போல்ட்டும் சரியான தூரத்தில் இருந்தது. இதையெல்லாம் மாட்டுவதற்கு முன்பே பழையதன் பக்கத்தில் போட்டு டேப் பிடித்துப் பாருங்கள்.

மாட்டும்போது, ஆக்சிலைக் கட்டோடு பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையது நீண்டிருக்கும். முன் கண் போல்ட்டையும், பின் கண்ணை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளையும் வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, எடை பட்டையில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துபோகும். மெக்கானிக்கிடம் விட்டாலும் இதை வாயால் சொல்லிவிடுங்கள்.

இப்போது வண்டி நிமிர்ந்து நிற்கிறது. டெட்ராய்ட் பக்கத்துக் குழிகளில் இறங்கினால் ‘டொக்’ என்று கீழே இடிப்பது நின்றுவிட்டது. இரண்டாவது கியரில் வேகமெடுக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் அமர்ந்து அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஆரம்பத்தில் சற்று உயரமாகத் தெரிந்தது. ஓட்ட ஓட்டப் படிந்துவிட்டது.

அசல்தன்மைக்கு மார்க் போடும் கண்காட்சிக்கு வண்டியைத் தயார் செய்பவர்கள், பட்டைகளுக்கு நடுவே வரும் துத்தநாகத் தகடு, கிளாம்பின் வடிவம் இரண்டையும் ஆர்டருக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வசந்தத்தில் வண்டியை எடுக்க நினைப்பவர்கள் குளிர்காலத்திலேயே சொல்லிவைப்பது நல்லது.