"12 முதல் 38 மி.மீ. வரை" என்று விற்கப்படும் பாக்கெட் ஹோல் ஜிக்: ஓர் எச்சரிக்கை

"12 மி.மீ. முதல் 38 மி.மீ. வரை எந்தக் கனத்துக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தோடு இணையத்தில் மலிவாக விற்கப்படும், தயாரிப்பாளர் பெயரில்லாத பாக்கெட் ஹோல் ஜிக் (பலகையில் சாய்வாகத் துளையிட டிரில் பிட்டுக்கு வழிகாட்டும் கருவி) ஒன்றை வாங்கி, பணத்தோடு நல்ல பிளைவுட்டையும் இழந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். அதே படங்களோடு அந்த ஜிக் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

குறையைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவியின் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பலகையின் உட்பக்கத்தில் சாய்வாகத் துளையிட்டு, அதன் வழியாக அடுத்த பலகைக்குள் ஸ்க்ரூவை இறக்குவதே பாக்கெட் ஹோல் இணைப்பு. பெரும்பாலான ஜிக்குகளில் இந்தச் சாய்வு 15 பாகை. துளை பலகையின் முனையில் கனத்துக்கு நடுவில் வெளிவர வேண்டுமானால், கனம் 1 மி.மீ. கூடும்போது துளை தொடங்கும் இடம் முனையிலிருந்து ஏறத்தாழ 1.87 மி.மீ. பின்னால் நகர்ந்தாக வேண்டும். இதன்படி அந்தத் தூரம் 12 மி.மீ. பலகைக்குச் சுமார் 22 மி.மீ., 18-க்கு 34, 25-க்கு 47, 38-க்கு 71 என்று வரும். ஆகவே பலகையின் கனத்துக்கேற்ப ஒரு கோட்டுக்கு நகர்த்தி வைக்கும் வகை ஜிக்கில் 12, 18, 25, 38 என்று குறித்த கோடுகளில் முதல் இரண்டு இடைவெளிகள் 11, 13 மி.மீ. என நெருக்கமாகவும், கடைசி இடைவெளி 24 மி.மீ. என அகலமாகவும் இருந்தே தீர வேண்டும்.

எனக்கு வந்த ஜிக்கில் மூன்று இடைவெளிகளும் சரிசமமாக 16 மி.மீ. இருந்தன. முதல் கோடும் கடைசிக் கோடும் சரி. நடுவில் இருந்த இரண்டும் வெறும் அலங்காரம். வீட்டு மரவேலையில் அதிகம் பயன்படுபவை 18-உம் 25-உம் என்பதுதான் இதில் கொடுமை. 18 என்ற கோட்டில் வைத்தால் துளை 5 மி.மீ. பின்தங்கித் தொடங்குகிறது. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு வழக்கமான 32 மி.மீ. ஸ்க்ரூவில் ஏறத்தாழ பாதி அடுத்த பலகைக்குள் போக வேண்டும். இங்கே அதில் 5 மி.மீ. குறைந்துபோகிறது. 25 என்ற கோட்டில் குறைவு 8 மி.மீ. இந்த ஜிக்கை வைத்து நான் செய்த புத்தக அலமாரியின் தட்டுகள் பார்வைக்கு இறுக்கமாகவே நின்றன; புத்தகம் ஏறியதும் ஒரு தட்டு பக்கப் பலகையிலிருந்து, ஸ்க்ரூ மரையில் பிளைவுட் நார் சுற்றியபடியே, கழன்று வந்தது.

ஆழத்தைக் கட்டுப்படுத்த டிரில் பிட்டில் மாட்டும் காலர் என்ற வளையமும் தரமற்றது. அதன் ஆலன் ஸ்க்ரூவை முடுக்கினால் மரை வழுக்குகிறது, பிட் சுழலும்போது காலர் மெல்ல மேலேறுகிறது, துளை நாம் வைத்ததைவிட ஆழமாகிறது. பிறகு அந்தத் துளையில் இறக்கிய ஸ்க்ரூ பக்கப் பலகையைத் தாண்டி, மறுபுறம் ஒட்டியிருந்த மைக்காவைக் கொப்புளமாகத் தூக்கி, ஊசிமுனை வெளியே தெரிய நின்றது. ஒரு தட்டில் பிடிப்புப் போதவில்லை, இன்னொன்றில் பொத்துக்கொண்டு வருகிறது என்றால், ஒரே பெட்டிக்குள் எதிரெதிரான இரண்டு குறைகள் இருந்தன என்று பொருள்.

கூடவே கொடுத்த ஸ்க்ரூக்களோ அடிப்பக்கம் கூம்பாகச் சரியும் தலை கொண்ட சாதாரண ரகம். பாக்கெட் ஹோலில் ஸ்க்ரூவின் தலை தட்டையான விளிம்பின்மேல் உட்கார வேண்டும். கூம்புத்தலை அங்கே ஆப்பு போல இறங்கி மரத்தைப் பிளக்கும். தேக்குச் சட்டத்தில் அதுதான் நடந்தது. தேக்கு போன்ற கெட்டி மரத்துக்கு நெருக்கமான மரையும், பிளைவுட்டுக்கும் மென்மரத்துக்கும் அகன்ற மரையும் கொண்ட தட்டையடித் தலை ஸ்க்ரூக்களைத் தனியே வாங்குவதே சரி.

புகார் செய்தபோது விற்பனையாளர், கடையில் 18 என்று விற்கும் பிளைவுட் சரியாக 18 இருக்காது என்று பதில் எழுதினார். அது பாதி உண்மை; பிளைவுட் ஒரு மி.மீ. வரை மெலிந்திருப்பது இங்கே புதிதல்ல. ஆனால் இழைத்து, காலிப்பரில் (கனத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) 25 மி.மீ. காட்டிய தேக்குத் துண்டிலும் துளை நடுவை விட்டு 2 மி.மீ.க்கு மேல் தள்ளியே வந்ததைப் படம் எடுத்து அனுப்பியதும், பேச்சு "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது" என்று மாறியது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் உள்ளது. அதைக் குறிப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்த பின்னர் ஜிக்கின் விலை திரும்பி வந்தது. பலகைக்கும் மைக்காவுக்கும் எதுவும் வரவில்லை.

இத்தகைய ஜிக்கை வாங்க நினைப்பவர்கள் விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி, கோடுகளின் இடைவெளியைப் பாருங்கள். எண்கள் சமமாக ஏறாதபோது கோடுகள் மட்டும் சமமாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வேலைப் பலகையில் கை வைக்கும் முன், அதே கனமுள்ள கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டு, அது முனையில் வெளிவரும் இடத்தைக் காலிப்பரால் அளந்து, அளவோடு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரில் என் பக்கம் நின்றது அந்த ஒரு படம்தான்.