ரெய்டு அன்று விசாரிப்பவர்கள் மக்களிடம் எவ்வளவு சொல்லலாம்?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலை மட்டுமா மாறுகிறது? ஊழலை விசாரிக்க வருகிறவர்களும் மாறிவிடுவார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே சிபிஐ நேரடியாக நுழையலாம். தமிழக அரசோ, சிபிஐ இங்கே விசாரிக்க முன்கூட்டியே தந்திருந்த பொது ஒப்புதலை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் மாநில லஞ்ச ஒழிப்புத் துறைதான். டீக்கடைப் பேச்சுக்கு மட்டும் எல்லை கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் காதில் விழுந்தது: “நேத்து ரெய்டு, இன்னிக்கும் ஆளு வெளியதான் சுத்துறாரு. அமுக்கிட்டாங்கப்பா.”

இந்த ஏமாற்றத்தைச் சமாளிக்க விசாரிப்பவர்களுக்கு இரண்டு வழக்கமான வழிகள்.

ஒன்று, வாயே திறக்காதது. சாட்சி கலையாது, குற்றம்சாட்டப்பட்டவரின் மானத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் 2016-இல் உச்ச நீதிமன்றம் எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது (சில விதிவிலக்குகள் உண்டு). எஃப்ஐஆர் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும்போது அதிகாரி மட்டும் மௌனமாக இருந்தால், “மேலிடத்து பிரஷர்” என்றுதான் பேச்சு கிளம்பும்.

இன்னொன்று, முதல் நாளே ஊழல் தொகையைச் சொல்வது. டிவிக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு இதுதான் பயம். 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் 2010-இல் தணிக்கை அறிக்கை சொன்ன உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய். சிபிஐ குற்றப்பத்திரிகையில் அது 30,984 கோடியானது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. இன்றும் டீக்கடையில் யாரையாவது கேளுங்கள், நினைவிருப்பது முதல் எண் மட்டும்தான்.

லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குகள் மக்களைக் கெடுத்து வைத்திருக்கின்றன. ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் விட்ட விரல் இளஞ்சிவப்பாக மாறுவது, அன்றே கைது. சொத்துக்குவிப்பு வழக்கு அப்படியா? பத்திரங்களைத் தேட வேண்டும், பொறியாளர்கள் கட்டடத்தை அளந்து மதிப்பு போட வேண்டும், வங்கிக் கணக்குகளை வருடவாரியாக ஒப்பிட வேண்டும். பிறகு வழக்கு தொடர அரசுத் தரப்பின் அனுமதி: அதை முடிவு செய்ய சட்டப்படி மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னொரு மாதம். முன்னாள் அமைச்சர் என்றாலும் 2018 திருத்தத்துக்குப் பின் அது வேண்டும். ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு 1996-இல் தொடங்கியது, முதல் தீர்ப்பு வர 2014 ஆனது.

ஆகவே என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: தொகையைச் சொல்லாதே, கட்டத்தைச் சொல். செய்திக்குறிப்பு இப்படி இருந்தால் போதும்: “இன்று சோதனை முடிந்தது. கைது எதுவும் இல்லை. அடுத்த வேலை ஆவணச் சரிபார்ப்பு, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அனுமதி கேட்டு அனுப்பும் தேதியை அன்றே அறிவிப்போம்.”

இதிலும் வில்லங்கம் உண்டு. அனுமதிக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வழியை யாரும் எடுக்காததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.