மலைவீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்? மின்ட், உபுண்டு, சோரின்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, பழைய கணினிகளில் பெரும்பாலானவை அதில் தேறாது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பழையவையும் இந்தக் கணக்கில்தான் வரும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 64-பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் நன்றாக ஓட்டலாம்.

லினக்ஸ் வகைகளில் புதியவர்களுக்குத் துணிந்து சொல்லக்கூடியவை மூன்று: லினக்ஸ் மின்ட் 22, உபுண்டு 24.04, சோரின் 18. மின்ட்டும் சோரினும் உபுண்டு 24.04 மேல் கட்டப்பட்டவைதான். மூன்றுக்கும் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். ஒன்றில் வைஃபையும் டச்பேடும் வேலை செய்தால் மற்றதிலும் பெரும்பாலும் வேலை செய்யும். எனவே வால்பேப்பர் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நீலகிரியில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: டேட்டா எவ்வளவு செலவாகும், பாதியில் கரன்ட் போனால் என்ன ஆகும்?

முதலில் டேட்டா. உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவுவதற்காக இறக்கும் கோப்பு) ஏறத்தாழ 6 ஜிபி. மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏறத்தாழ 3 ஜிபி. கூடலூர், பந்தலூர் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவருக்கு இது பெரிய வித்தியாசம். கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போகும்போது நல்ல இணைப்பில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக் கொண்டுவருவது உத்தமம். டவர் விட்டுவிட்டு வந்தால் கோப்பு பழுதாக வாய்ப்புண்டு. கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். பாதி நிறுவலில் வரும் புரியாத பிழைகள் பலவற்றுக்குக் காரணம் இந்தப் பழுதான கோப்புதான்.

போட்ட பிறகும் டேட்டா செலவு நிற்காது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் (மென்பொருளைக் கட்டித் தரும் ஒரு முறை) வடிவில் வருகிறது. ஸ்னாப் ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று தானே பார்த்து, இருந்தால் தானே இறக்கிக்கொள்ளும். ஃபைபர் இருக்கும் வீட்டில் இது வசதி, தினம் 1.5 ஜிபி பேக்கில் ஓட்டும் வீட்டில் தொல்லை. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸ் முதல் முறை திறக்க நேரமும் எடுக்கும். மின்ட்டில் ஸ்னாப் கிடையாது. பேனலில் ஒரு சிறிய கேடயக் குறி, புதுப்பிப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்போது இறக்குவது என்பது உங்கள் கையில்.

அடுத்தது கரன்ட். தென்மேற்குப் பருவமழையில் கம்பி மேல் மரம் விழுந்தால் மணிக்கணக்கில் கரன்ட் வராது. சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் மூன்றுமே தாங்கும். அவை பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை மறுமுறை கிளம்பும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆபத்து, புதுப்பிப்பு நடக்கும் நடுவில் போவதுதான். பொதிகள் (மென்பொருள் கட்டுகள்) பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும், திரை வராமலும் போகலாம். அப்படியானால் கிளம்பும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெக்கவரி மோட், டிபிகேஜி (பாதியில் நின்ற பொதிகளைச் சரிசெய்வது) என்று போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது மூன்றுக்கும் பொது. ஆனால் மின்ட்டில் அமைப்பை நகலெடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் முன்பே இருக்கிறது. முதல் நாளே அதைத் திறந்து, வாரம் ஒரு நகல் என்று வைத்துவிட்டால், கெட்டுப்போன அமைப்பைக் கடைசியாக நகல் எடுத்த நிலைக்குத் திருப்பலாம். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது இயல்பாக எடுத்துவைக்காது. அவற்றுக்குத் தனிப் பிரதி வேண்டும். மற்ற இரண்டிலும் டைம்ஷிஃப்ட்டை நீங்களே தேடிப் போட வேண்டும்; புதியவர் அதைச் செய்வது, ஒரு முறை அடிபட்ட பிறகுதான்.

4 ஜிபி ராமுக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) இருந்தால் மூன்றில் எதுவும் ஓடும். ஹார்ட் டிஸ்க்கை 2.5 அங்குல 240 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றுவது, எந்த லினக்ஸ் என்ற கேள்வியைவிடப் பெரிய மாற்றம் தரும்.

சோரினின் பலம் தோற்றம். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, விண்டோஸில் பழகிய பெரியவர்களுக்கு விளக்க ஒன்றுமில்லை. எக்ஸ்இ கோப்பைச் சொடுக்கினால், அதற்குப் பதில் என்ன போடலாம் என்றும் சொல்லும். கட்டணப் பதிப்பு ஒன்றும் உண்டு. வீட்டுக்கு இலவசப் பதிப்பு போதும். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் உபுண்டு சரி: பாடத்தில் கேட்கும் மென்பொருள்களுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் உபுண்டுவை வைத்தே எழுதப்பட்டிருக்கும்.

தமிழ்த் தட்டச்சில் பலர் இடறுவது ஒரே இடத்தில். விசைப்பலகைப் பட்டியலில் நேரடியாகத் தெரியும் தமிழ்99 வெறும் எழுத்து மாற்றம்தான். புள்ளி தானாக விழாது. ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டு, அதிலிருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டி ‘அம்மா’ வந்தால் சரியானதைப் பிடித்துவிட்டீர்கள். உபுண்டுவிலும் சோரினிலும் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியிலேயே சேர்க்கலாம். மின்ட்டில் சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவும் கருவியில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸைத் தேர்ந்து, ஒரு முறை லாக்அவுட் ஆகி வர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மின்ட் பின்தங்குகிறது. வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய மனுக்கள் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்புகளை எடுத்துவைத்து இங்கே நிறுவினால் சரியாகும். டிஸ்க்கை அழிப்பதற்கு முன் எடுத்துவையுங்கள்.

பழைய கணினியில் இன்னொன்று: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி. அது தீர்ந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னுக்கு ஓடும், பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று சொல்லும். நெட் கிடைத்ததும் லினக்ஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்புகளும் அழிந்து, ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நின்றால், லினக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவப் போகிறார்கள். முதலில் பேட்டரியை மாற்றி, பயாஸில் கிளம்பும் முறையாக யூஈஎஃப்ஐ, லெகசி இரண்டில் எது முன்பு இருந்ததோ அதையே வையுங்கள்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை இணைத்ததும் வேலை செய்யும். நம் ஊரில் நிறையப் புழங்கும் கேனான் எல்பிபி2900 அப்படியல்ல, தனி டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். வைஃபை வராவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறக்கலாம். பசுந்தேயிலைக் கணக்கை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் தாராளமாக எழுதலாம். விண்டோஸுக்கான டாலியில் எழுதுபவர்கள் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும்.