அரிய நோய்களுக்கு எது உதவும்: ஐஸ் வாளியா, அரிய நோய்கள் தினமா?

2014இல் வெள்ளவத்தைப் பெடியன்கள்கூட மொட்டைமாடியில் நின்று தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வீடியோ போட்டார்கள், எதற்கு என்று கேட்டால் "ஐஸ் வாளிச் சவால்" என்பதற்கு மேல் பலருக்குப் பதில் இல்லை. அது ஏஎல்எஸ் என்ற அரிய நோய்க்காக: தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் மெல்ல மெல்லச் செத்து, கை கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சும் போய்விடும். ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு இருந்தது இதுதான்.

ஆனால் காசு சேர்ப்பதில் வாளியை அடிக்க ஆளில்லை. அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் சுமார் 115 மில்லியன் டொலர் சேர்ந்தது, அதில் ஒரு பங்கு போன ஆய்வில்தான் 2016இல் நெக்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பிடிபட்டது. எனவே வெறும் கூத்து என்று தள்ளிவிட முடியாது.

அரிய நோய்கள் தினம் வேறு மாதிரி. 2008இல் ஐரோப்பாவில் தொடங்கியது. பெப்ரவரி கடைசி நாள். ஒரு நோய்க்கு இல்லை, ஆயிரக்கணக்கான நோய்களுக்கு, அதனால் வைரலாகவும் ஆகாது. ஆனால் வருடா வருடம் வரும், அப்புறம் அங்கே பேசுவது நடிகர்கள் இல்லை, பெரும்பாலும் நோயாளிகளும் தாய் தகப்பனும்தான்.

என்னைக் கேட்டால் ஆராய்ச்சிக் காசுக்கு வாளி, விழிப்புணர்வுக்கு இந்த நாள். மட்டக்களப்பிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு கிளினிக்குக்கு வருகிற அம்மாவுக்கு வேண்டியது நோயைச் சந்தேகிக்கத் தெரிந்த வைத்தியரும் தமிழில் ஒரு விளக்கமும். வாளிதான் வேண்டுமென்றால் சரி, ஊற்றுவதற்கு முன் இரண்டு அறிகுறியையாவது தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.