பத்துப் பனிப்பருவங்களும் சீசன் பாஸும்: டென்வரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

நான் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டியது 2014 ஜனவரியில், முப்பத்து மூன்றாம் வயதில். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வருக்குக் குடிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை அழைத்தார், சனிக்கிழமை காலை கிளம்பிவிட்டோம். ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்குச் சற்று முன்னால் இருக்கும் லவ்லேண்ட் மலையில், புதிதாகப் பயில்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிறு சரிவில், பயிற்சியும் வாடகைப் பலகைகளும் சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான டிக்கெட்டும் சேர்ந்த ஒரே கட்டணத்தைக் கட்டிவிட்டு, அன்று முழுவதும் விழுந்து எழுந்தேன். முதல் நாள் இரவு தோன்றிய ஆசையை மறுநாள் காலையே நிறைவேற்றிக்கொள்ள முடிந்தது. அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

2015-16 பருவத்திலிருந்து தொடர்ச்சியாகப் பத்துப் பருவங்கள் பல மலைகளுக்குச் செல்லுபடியாகும் சீசன் பாஸ்களை, அதாவது முன்கூட்டியே பணம் கட்டிப் பெறும் பருவ அனுமதிச்சீட்டுகளை, வாங்கியிருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் எபிக் பாஸ், அடுத்த இரண்டு ஆண்டுகள் அதன் போட்டியாளரான ஆல்டெராவின் ஐகான் பாஸ், அதன்பின் மீண்டும் எபிக். இந்தப் பாஸ்கள் எனக்குத் தந்தவை, என் குடும்பத்திடமிருந்தும் மலையடிவார ஊர்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டவை இரண்டையும் எழுதிவைக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024-25 பருவத்திற்கு எபிக் பாஸின் தொடக்க விலை 982 டாலர். நான் அந்தப் பருவத்தில் 17 நாட்கள் மலைக்குச் சென்றேன். அதாவது ஒரு நாளுக்கு ஏறத்தாழ 58 டாலர். அதே பருவத்தில் வெய்ல் மலையில் கூட்டம் மிகுந்த நாட்களுக்கான ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டியிருந்தது. நான்கு நாள் செல்பவருக்கே பாஸ் லாபம் என்னும்போது, டென்வரில் வாழும் ஒருவருக்கு இதைவிட மலிவாகக் கீஸ்டோன், பிரெக்கென்ரிட்ஜ், வெய்ல் ஆகிய மூன்று மலைகளையும் எந்தக் கட்டுப்பாடுமின்றிப் பார்க்கும் வழி கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பலர் சில நாட்களும் சில இடங்களும் விலக்கப்பட்ட குறைந்த விலைப் பாஸையே வாங்குகிறார்கள். அவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு. அனுமதிச்சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே லிஃப்ட் வாயிலைக் கடப்பதும், வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு வேறு சரிவுக்கு மாறுவதும் உண்மையான வசதிகள். கட்டணத்தை ஏற்கெனவே கட்டிவிட்டதால், இரண்டு மணி நேரம் மட்டும் சறுக்கிவிட்டு மனக்குறையின்றி வீடு திரும்பலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை பார்த்துக்கொண்டு சறுக்கிய காலத்தில் இந்த நிம்மதி இருந்ததில்லை.

இந்த மலிவு விலைக்கு முன்கதை உண்டு. 1998-இல் ஐடஹோவின் போகஸ் பேசின், லாப நோக்கமற்ற ஒரு சிறு மலை, தன் சீசன் பாஸின் விலையை 199 டாலராகக் குறைத்தது. அதே ஆண்டு கொலராடோவின் விண்டர் பார்க் நான்கு பேருக்கு 800 டாலர் என்று அறிவிக்க, டென்வரைச் சுற்றி விலைப்போர் மூண்டது. அந்தப் போரின் பாடத்தை மிகத் தெளிவாகப் படித்தது வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம். 2008-இல் ராப் காட்ஸ் தலைமையில், தன் மலைகள் அனைத்துக்கும் வரம்பற்ற அனுமதி தரும் எபிக் பாஸை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அதற்குப் போட்டியாக ஆல்டெரா நிறுவனம் 2018-19 பருவத்தில் ஐகான் பாஸை 899 டாலருக்குக் கொண்டுவந்தது. 2025-26 பருவத்திற்கு எபிக்கின் தொடக்க விலை 1,051 டாலர், ஐகானின் தொடக்க விலை 1,329 டாலர்.

இந்த விலைகளுக்குப் பின்னால் இருக்கும் நோக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பனிச்சறுக்கு மலை என்பது வானம் பார்த்த பூமி. பனி பெய்தால் வருமானம், பொய்த்தால் நட்டம் என்ற நிலையில்தான் அதன் உரிமையாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். வசந்த காலத்திலும் கோடையிலும் பாஸை விற்றுவிடும்போது, ஒரு துளிப் பனி விழுவதற்கு முன்பே பருவத்தின் வருமானத்தில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடுகிறது. வெய்ல் ரிசார்ட்ஸின் மலைகளுக்கு வரும் வருகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு முன்கூட்டியே விற்கப்பட்டவை. பனி பொய்த்தால் இப்போது இழப்பு என்னுடையது. அதை நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன், தள்ளுபடி அதற்கான ஈடு. ஆனால் மே மாதத்தில் வாங்க வைப்பதற்கு ஒரு நெருக்குதல் வேண்டும். அந்த நெருக்குதல்தான் 300 டாலர் ஒரு நாள் டிக்கெட்.

அதன் எடையை என் குடும்பம் உணர்ந்தது ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில். நியூஜெர்சியிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. குழந்தைகள் இருவரும் என் மகளைப் போலவே சறுக்கிப் பார்க்க வேண்டும் என்று துடித்தார்கள். நான் பாஸ் வைத்திருந்த ஒரு மலையில் அவர்கள் நால்வருக்கும் ஒரு நாள் டிக்கெட்டின் விலையைப் பார்த்தேன். பலகை வாடகையும் பயிற்சியும் சேர்க்கும் முன்பே ஆயிரம் டாலரைத் தாண்டியது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, மடிக்கணினியை மெல்ல மூடினார். அன்று குழந்தைகள் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் நெகிழிப் பலகையில் உட்கார்ந்து சறுக்கினார்கள். என்னை இந்த விளையாட்டுக்குள் அழைத்துவந்த அந்த வெள்ளிக்கிழமை அழைப்பை நான் அவர்களுக்குத் தர முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. பாஸ் வைத்திருக்கும் எனக்குக் கிடைக்கும் மலிவுக்கு ஒரு பங்குப் பணத்தை, பாஸ் இல்லாமல் வாசலில் நிற்கும் புதியவர்தான் கட்டுகிறார் என்ற எண்ணம் அன்று வந்தது, பிறகு போகவில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது நியாயமாக இருக்க விரும்புகிறேன். டென்வரின் மக்கள்தொகை பெருகியிருக்கிறது. மலைக்குச் செல்ல ஐ-70 என்ற ஒரே நெடுஞ்சாலையை நம்பியிருப்பதற்கு எந்த நிறுவனமும் காரணமல்ல. ஆனால் 2021-இல் எபிக் பாஸின் விலை 20 விழுக்காடு குறைக்கப்பட்டு, 979 டாலரிலிருந்து 783 டாலர் ஆனது. அந்தப் பருவத்திற்கு 21 லட்சம் பாஸ்கள் விற்றன. அதே குளிர்காலத்தில் லிஃப்டுகளை இயக்கப் போதுமான ஆட்கள் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வெய்ல் நிறுவனத்துக்குச் சொந்தமான ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற மலையில் சரிவுகளில் பெரும்பகுதி திறக்கப்படாததை எதிர்த்த மனுவில் 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அடுத்த பருவத்திற்கு நிறுவனம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்தியது. அந்தக் குளிர்காலத்தில் நான் சென்ற மலையிலும் ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை, வானம் தெளிவாக இருந்தும், மேல்சரிவு லிஃப்டுகளில் இரண்டு அன்று முழுவதும் அசையாமல் நின்றன, அவற்றுக்குச் செல்ல வேண்டிய கூட்டமும் கீழே எங்களுடன் நின்றது.

அரபஹோ பேசின் என்ற மலையின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1997-இல் வெய்ல் நிறுவனம் கீஸ்டோனையும் பிரெக்கென்ரிட்ஜையும் வாங்கியபோது, போட்டி குன்றிவிடும் என்று கருதிய அமெரிக்க நீதித் துறை அரபஹோ பேசினை விற்றுவிடுமாறு நிபந்தனை விதித்தது. அந்த மலை தனி உரிமையாளரிடம் போன பிறகும் வெய்லின் பாஸில் நீடித்தது. வாகன நிறுத்துமிடம் நிரம்பி வழிந்து, கூட்டம் தாங்க முடியாமல் போனதும், 2019-இல் எபிக்கிலிருந்து தானே விலகி, ஐகானில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. கூட்டத்தைத் திருப்பியனுப்பத் துணிந்த மலை என்று நாங்கள் கொண்டாடினோம். 2024-இல் அதை ஆல்டெரா வாங்கிவிட்டது. அரசு போட்ட வேலியும் மலை தானே போட்ட வேலியும் கடைசியில் இரு பெருநிறுவனங்களில் ஒன்றின் எல்லைக்குள்தான் வந்து நின்றன.

யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் நடந்தது இதைவிட வியப்பானது. மலையடிவாரமும் வாகன நிறுத்துமிடமும் அதை நடத்திவந்த பவுடர் நிறுவனத்துக்குச் சொந்தம், மேல்மலையோ குத்தகை நிலம். 2011-இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தைச் சில நாட்கள் தாமதமாக அனுப்பியதால் பவுடர் உரிமையை இழந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2014-இல் வெய்ல் 182.5 மில்லியன் டாலருக்குப் பவுடரிடமிருந்து மலையடிவாரத்தை வாங்கி, அந்த மலையைத் தன்வசப்படுத்தியது.

அதே பார்க் சிட்டியில்தான் 2024 டிசம்பர் 27 அன்று பாதுகாப்பு ரோந்துப் பணியாளர்கள் ஏறத்தாழ 200 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தொடக்க ஊதியம் மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. ஆண்டின் மிக நெரிசலான வாரத்தில் மலையின் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. ஜனவரி 8 அன்று உடன்பாடு ஏற்பட்டது, பாதிக்கப்பட்ட விருந்தினர்களுக்கு அடுத்த பருவப் பாஸில் 50 விழுக்காடு வரை கழிவு தரப்பட்டது. அந்தப் போராட்டத்தை விடுமுறையைக் கெடுத்த இடையூறாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன் வேறொரு மலையில் என் மகளின் முழங்கால் பிசகியபோது, சில நிமிடங்களில் வந்து சேர்ந்த ஒரு ரோந்துப் பெண், காலைக் கட்டையிட்டுக் கட்டி, சறுக்குவண்டியில் படுக்கவைத்து, செங்குத்தான சரிவில் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறக்கினார். விடியுமுன் வெடிமருந்தோடு சென்று பனிச்சரிவு அபாயத்தை நீக்குவதும் அவர்களே. மலையடிவாரத்தில் வாடகை கொடுக்க இயலாமல் தினமும் ஒரு மணி நேரம் வண்டியோட்டி வருவதாக அவர் சொன்னார். என் பாஸின் விலை எவ்வளவு குறைந்தாலும், அவருடைய இரண்டு டாலரில் அந்தக் குறைப்பு நடந்திருந்தால் எனக்கு அது வேண்டாம்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. வெர்மான்டின் மேட் ரிவர் கிளென் 1995 முதல் சறுக்குபவர்களே பங்கு வாங்கி நடத்தும் கூட்டுறவு. விண்டர் பார்க் இன்றும் டென்வர் மாநகரத்தின் சொத்து, நடத்துவது மட்டும் ஆல்டெரா. 2019-இல் தொடங்கிய இண்டி பாஸ் சிறு மலைகளை ஒன்றுசேர்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் தருகிறது. ஆண்டுக்கு ஐந்து நாளுக்குக் குறைவாகச் செல்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்து நாளுக்கு மேல் செல்லும் கொலராடோ குடும்பங்களுக்கு எபிக்கும் ஐகானும் பணத்துக்குப் பழுதில்லாத கொள்முதல். இங்குள்ள தொடக்கப்பள்ளிச் சிறுவர்களுக்கு வெய்ல் நிறுவனம் தரும் இலவச நாட்களையும் தவறவிடக் கூடாது. என் மகள் அப்படித்தான் தேறினாள்.

2025 மே மாதம் ராப் காட்ஸ் மீண்டும் வெய்ல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்றார். பாஸ் வைத்திருப்பவர்கள் நண்பர்களை ஒரு நாள் டிக்கெட்டின் பாதி விலைக்கு அழைத்துவரலாம் என்று 2025-26 பருவத்திற்கு அறிவிப்பு வந்திருக்கிறது. புதியவர்களுக்கான வாசல் அடைபட்டிருப்பதை நிறுவனமே உணர்ந்ததன் அடையாளமாக இதை வரவேற்கிறேன். ஆயினும் 300 டாலரில் பாதி என்பது, பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத ஒரு சிறுவனுக்காகத் தந்தை கொடுக்கக்கூடிய தொகை அல்ல.

இந்த ஆண்டும் நானும் மகளும் பாஸைப் புதுப்பித்திருக்கிறோம். மைத்துனர் குடும்பம் டிசம்பரில் மறுபடியும் வருகிறது. சின்னவனுக்கு இப்போது பத்து வயது, என் பழைய கையுறைகள் அவனுக்குப் பெரிதாக இருக்கும், மகளுடையது பொருந்தும். அவனை அழைத்துப்போகப் போவது லவ்லேண்டின் அந்தச் சிறு சரிவுக்கு. என் பாஸ் அங்கே செல்லாது, நானும் அன்று டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன்.